‘எனக்கு முன்னாலேயே தெரியும்’: ஆஸ்பெர்கரும் உள்ளுணர்வும்

ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம் பற்றிப் பேச்சு வந்தால், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு கருத்துகள் காதில் விழும். "அவங்களுக்கு உள்ளுணர்வே கிடையாது, எதையும் வாய்விட்டுச் சொன்னால்தான் புரியும்" என்பது ஒன்று. "நடக்கப்போறது அவங்களுக்கு முன்னாலேயே தெரிஞ்சிடும், ஏதோ ஒரு சக்தி இருக்கு" என்பது மற்றொன்று. ஒரே வீட்டில் ஒரே பிள்ளையைப் பற்றி இரண்டையும் சொல்வதுதான் வேடிக்கை. வந்த விருந்தாளி கிளம்பத் தவிப்பது அவனுக்குத் தெரியாது. ரயில் எஞ்சின் வகைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போவான். ஆனால் "மாமா கடையை மூடிடுவார்" என்று அவன் எப்போதோ சொன்னது அப்படியே நடந்துவிடும். உடனே பாட்டி, "இவனுக்குக் கருநாக்கு, வாயைத் திறக்காம இருக்கச் சொல்லு" என்பார்.

ஆஸ்பெர்கர் உள்ள பெரியவர்கள் சிலரும் தங்களைப் பற்றி இதையே சொல்கிறார்கள். போன் அடிக்கும் முன்பே யார் என்று தெரிந்தது, விபத்துக்கு முந்தைய நாள் முழுக்க மனசு சரியில்லை, இந்த வேலை நிலைக்காது என்று முதல் நாளே பட்டது, இப்படி. அவர்கள் கதை கட்டுவதாக நினைக்க வேண்டியதில்லை. அந்த உணர்வு அவர்களுக்கு நிஜமாகவே வருகிறது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால்தான் எல்லாம் குழம்பிவிடுகிறது. உள்ளுணர்வு, முன்னறிதல் என்ற இரண்டு வேறு விஷயங்களை ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்கியதுதான் காரணம். அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில், ஆஸ்பெர்கர் என்பது எது?

ஆட்டிசம் என்பது பிறவியிலேயே வரும் ஒரு மூளை வளர்ச்சி வேறுபாடு. பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் வேறுபாடு, ஒரே விஷயத்தில் ஆழ்ந்த ஈடுபாடு, மாற்றத்தைத் தாங்க முடியாமை, ஒலி ஒளி தொடுகை போன்றவற்றை மிகக் கூடுதலாகவோ மிகக் குறைவாகவோ உணர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். பேச்சு தாமதமாகாமல், அறிவுத்திறன் குறையாமல் இந்த அடையாளங்கள் இருந்தவர்களுக்குத் தரப்பட்ட பெயர்தான் ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம்.

வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினார். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் 1981-இல் அவர் பெயரையே அந்த நிலைக்கு வைத்து அதைப் பரவலாக்கினார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1994-இல் அதைத் தனி நோயறிதலாகச் சேர்த்துக்கொண்டது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை நீக்கி ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்’ என்ற பொதுப் பெயருக்குள் கொண்டுவந்தது. நாஜி ஆட்சியின் கொடுமைகளோடு ஆஸ்பெர்கருக்கு இருந்த தொடர்பை 2018-இல் வெளியான ஆவண ஆய்வுகள் காட்டியபின், அந்தப் பெயரைச் சொல்லவே பலர் விரும்புவதில்லை. ஆனால் பழைய பெயரில் நோயறிதல் பெற்றவர்கள் அதிலேயே தங்களை அடையாளம் காண்கிறார்கள், பொதுப் பேச்சிலும் அதுதான் புழங்குகிறது. அதனால் இங்கேயும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

உள்ளுணர்வு எப்படி வேலை செய்கிறது?

உங்கள் தெருமுனை பைக் மெக்கானிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு முறை முறுக்குகிறீர்கள். அவர் வேறு வண்டியில் ஸ்பேனரோடு உட்கார்ந்தபடியே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "டைமிங் செயின் போயிடுச்சு" என்கிறார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "சத்தத்துலயே தெரியுதே" என்பார். எந்தச் சத்தத்தில் எந்தப் பகுதி என்று கேட்டால் அவரால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆயிரம் எஞ்சின்களின் சத்தத்தைக் கேட்டு, பிரித்துப் பார்த்து, சரியா தவறா என்று தெரிந்துகொண்டதெல்லாம் அவர் தலைக்குள் ஓரிடத்தில் சேர்ந்திருக்கிறது. புதுச் சத்தம் வந்ததும் அந்தச் சேமிப்பில் பொருத்தமானது மேலே வருகிறது. அவருக்குக் கிடைப்பது விடை மட்டும்; வழி தெரிவதில்லை.

உள்ளுணர்வு என்று உளவியலில் சொல்வது இதைத்தான். பழைய அனுபவத்தில் பதிந்த ஒரு ஒழுங்கை மூளை சட்டென அடையாளம் கண்டு, காரணத்தைச் சொல்லாமல் முடிவை மட்டும் நம்மிடம் தருவது. நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனும் உள்ளுணர்வு என்பது அடையாளம் காணுதல்தான் என்று அடித்துச் சொன்னவர். அவரும் வில்லியம் சேஸும் 1973-இல் வெளியிட்ட செஸ் ஆய்வு புகழ்பெற்றது. உண்மையான ஆட்டத்தின் நடுவில் இருக்கும் ஒரு பலகையை ஐந்து நொடி காட்டி மூடிவிட்டால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுகிறார். காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினால் அவருடைய அனுகூலம் ஏறக்குறைய மறைந்துபோகிறது. அவரிடம் இருந்தது அபூர்வ ஞாபகசக்தி என்றால் அங்கும் அது உதவியிருக்க வேண்டுமே.

இன்னொரு சம்பவம் இந்தக் கட்டுரைக்கு மிக முக்கியம். முடிவெடுத்தலை ஆராயும் அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன் பதிவு செய்தது. ஒரு வீட்டின் பின்பக்கச் சமையலறையில் தீ. தீயணைப்பு அதிகாரி ஒருவர் தன் ஆட்களோடு கூடத்தில் நின்று தண்ணீர் பீய்ச்சுகிறார். தீ அடங்கவில்லை. அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, என்னவென்று தெரியவில்லை. எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டார். அவர்கள் வெளியேறிய சிறிது நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தரை இடிந்து விழுந்தது. தீயின் மையம் கீழே, நிலவறையில் இருந்திருக்கிறது. அப்படி ஒரு நிலவறை இருப்பதே அவருக்குத் தெரியாது.

தன்னைக் காப்பாற்றியது புலன்களுக்கு அப்பாற்பட்ட ஏதோ சக்தி என்றே அந்த அதிகாரி நம்பினார். கிளைன் பொறுமையாகக் கேள்வி கேட்டுப் பிரித்துப் பார்த்தபோது வேறு கதை வந்தது. சின்னச் சமையலறைத் தீக்குக் கூடத்தில் அவ்வளவு சூடு இருக்கக் கூடாது. அவ்வளவு சூடான தீ அவ்வளவு அமைதியாகவும் இருக்கக் கூடாது; நடுவில் தரை இருந்ததால் சத்தம் அமுங்கியிருந்தது. தண்ணீர் பட்டும் தீ தணியவில்லை. மூன்றும் அவருடைய பல வருட அனுபவத்தோடு பொருந்தவில்லை. பொருந்தாமையை உடம்பு முதலில் உணர்ந்தது, காரணம் பின்னால் வந்தது, அதுவும் இன்னொருவர் கேட்டதால். கிளைன் கேட்டிருக்காவிட்டால் அவர் கடைசிவரை தன்னிடம் ஒரு சக்தி இருப்பதாகவே எண்ணியிருப்பார். அவருக்கு ஆஸ்பெர்கர் என்று யாரும் சொல்லவில்லை. வழி மறைந்திருந்தால் யாருக்கும் இது நேரும்.

எல்லா உள்ளுணர்வையும் நம்பலாமா? கிளைனும் உள்ளுணர்வைச் சந்தேகிப்பதில் பேர்போன டேனியல் கானமனும் சேர்ந்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சண்டை போடத் தொடங்கி உடன்பாட்டில் முடிந்த கட்டுரை அது. அவர்கள் வைத்த நிபந்தனைகள் இரண்டு. அந்தத் துறையில் ஒழுங்கு இருக்க வேண்டும். சரியா தவறா என்ற பதில் உடனுக்குடன் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மெக்கானிக்குக்கு இரண்டும் உண்டு, எஞ்சினைத் திறந்தால் விடை. பங்குச்சந்தையில் நாளை எந்தப் பங்கு ஏறும் என்று ‘மனசுல பட்டது’ என்பவருக்கு இரண்டுமே சரியாகக் கிடையாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உள்ளுணர்வுக்கான சரக்கு முழுவதும் கடந்த காலத்திலும் கண்முன் இருக்கும் தடயங்களிலும் இருந்து வருகிறது. வழி மறைந்திருப்பதால் அது மாயம் போலத் தோன்றுகிறது.

முன்னறிதல் வேறு

முன்னறிதல் என்ற உரிமைகோரல் இதைவிட மிகப் பெரியது. இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றிய தகவல், எந்தத் தடயமும் அனுமானமும் இல்லாமல், எதிர்காலத்திலிருந்து ஒருவரிடம் வந்து சேர்கிறது என்பது. மேகத்தைப் பார்த்து மழை வரும் என்பது இதில் சேராது.

இதை ஆய்வுக்கூடத்தில் காட்டிவிட்டதாகச் சொன்னவர்களில் முக்கியமானவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம். 2011-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்த ஒன்பது பரிசோதனைகளை மதிப்புமிக்க இதழில் வெளியிட்டார். அவற்றில் ஒன்றில், திரையில் இருக்கும் இரண்டு திரைச்சீலைகளில் எதன் பின்னால் படம் வரும் என்று ஊகிக்க வேண்டும். ஊகித்த பிறகுதான் கணினி இடத்தைத் தேர்வு செய்யும். குருட்டாம்போக்கில் 50 சதவீதம் சரியாக வரவேண்டியது, பாலுணர்வுப் படங்களுக்கு மட்டும் 53.1 சதவீதம் வந்தது. உலகமே பரபரத்தது. அடுத்த ஆண்டே வேறு குழுக்கள் அந்த ஒன்பதில் நினைவாற்றலைப் பற்றிய பரிசோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தன. அவற்றில் ஒன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்தது. விளைவு மறைந்துபோனது. உளவியல் துறை தன் ஆய்வுமுறைகளையே சந்தேகித்துத் திருத்திக்கொள்ள இந்தச் சம்பவம் ஒரு தூண்டுதலாக ஆனது என்பதுதான் பெம் செய்த உண்மையான நன்மை என்பேன்.

ஆஸ்பெர்கர் உள்ளவர்கள் இதற்கு விதிவிலக்கு என்று காட்டிய நம்பத்தக்க சோதனையும் இல்லை. அப்படியானால் அவர்களில் சிலர் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? அவர்களுடைய உள்ளுணர்வு வேறு தடத்தில் ஓடுகிறது. அதைப் பார்க்க வேண்டும்.

மனிதர்களைப் படிக்கும் உள்ளுணர்வு

பிறர் மனதில் என்ன ஓடுகிறது என்று பெரும்பாலோர் யோசிக்காமலே ஊகித்துவிடுகிறோம். 1985-இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊடா ஃப்ரித் மூவரும் ஒரு பொம்மை நாடகத்தை வைத்து இதைச் சோதித்தார்கள். சாலி ஒரு கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டியில் மாற்றி வைக்கிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? பெரும்பாலான குழந்தைகள் கூடை என்றார்கள். ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டி என்றார்கள். சாலிக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

ஆஸ்பெர்கர் உள்ள பெரியவர்கள் இந்தக் கேள்விக்குச் சரியாகவே பதில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அட்சுஷி செஞ்சுவும் குழுவினரும் 2009-இல் கேள்வியே கேட்காமல் கண்களை மட்டும் கவனித்தார்கள். மற்றவர்களின் கண்கள், நாடகப் பாத்திரம் தேடப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே ஓடின. ஆஸ்பெர்கர் உள்ளவர்களின் கண்கள் அப்படித் தானாக ஓடவில்லை. அவர்களுக்கு விடை தெரியும், யோசித்தால் வரும். கேட்காமலே வந்துவிழும் அந்தத் தானியங்கி ஓட்டம்தான் வேறுபட்டது. நாள் முழுக்க மனிதர்களோடு பழகியபின் அவர்களுக்கு ஏன் அவ்வளவு களைப்பு என்பது இதில் விளங்கும். மற்றவர்கள் இலவசமாகச் செய்வதை அவர்கள் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள்.

இதில் ஒரு முக்கியமான திருத்தம் உண்டு. ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012-இல் ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்ற கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்பது பாதிதான். மற்றவர்களுக்கும் ஆட்டிசம் உள்ளவர்களைப் புரியவில்லை. 2020-இல் கேத்தரின் குரோம்ப்டனும் குழுவும் ஒரு கதையை ஒருவர் மற்றவருக்குச் சொல்லும்படி சங்கிலி அமைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த சங்கிலியில் கதை மற்றவர்களின் சங்கிலியைப் போலவே நன்றாகக் கடந்தது. இருவகையினரும் கலந்த சங்கிலியில்தான் அதிகம் சிதைந்தது. ஆஸ்பெர்கர் உள்ள ஒருவர் இன்னொருவரைப் பார்த்த சில நிமிடங்களிலேயே "இவர் நம்மைப் போல" என்று உணர்வதில் அமானுஷ்யம் எதுவும் தேவையில்லை.

பொருட்களையும் ஒழுங்குகளையும் படிக்கும் உள்ளுணர்வு

இங்கே கதை தலைகீழாகிறது. மொத்தத்தைப் பார்க்கும் முன் பகுதிகளைப் பார்ப்பது ஆட்டிசத்தில் அடிக்கடி காணப்படும் போக்கு. பெரிய படத்துக்குள் ஒளிந்திருக்கும் சிறு வடிவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிறப்பாகச் செய்வதை அமிதா ஷாவும் ஊடா ஃப்ரித்தும் 1983-லேயே காட்டினார்கள்.

ஆட்டிசம் உள்ளவரும் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியருமான டெம்பிள் கிராண்டின் இதற்கு நல்ல உதாரணம். மாட்டுப்பண்ணைகளில் மாடுகள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மிரண்டு நின்றுவிடும். ஊழியர்களுக்குக் காரணம் தெரியாது. கிராண்டின் மாடுகள் போகும் பாதைக்குள் தானே இறங்கி, அவற்றின் கண் மட்டத்திலிருந்து பார்த்தார். தொங்கும் ஒரு சங்கிலி, தரையில் விழும் நிழல், தேங்கிய தண்ணீரில் மின்னும் வெளிச்சம். அவற்றை அகற்றினால் மாடுகள் நடந்தன. ஒரு புதிய கொட்டகையைப் பார்த்ததும் "இங்கே மாடு நிற்கும்" என்று அவர் சொன்னால் அருகில் இருப்பவருக்கு அது ஜோசியம் போலத்தான் இருக்கும். அவர் வழியைச் சொல்லத் தெரிந்தவர், அதனால் அது விஞ்ஞானம் ஆனது.

மாமா கடை விஷயமும் இப்படித்தான் இருக்கக்கூடும். பின்வரிசை அலமாரி மெல்லக் காலியாகிக்கொண்டு வந்தது, மொத்த வியாபாரி வண்டி வாரம் இருமுறை வந்தது ஒருமுறையானது, பழைய சரக்கின் தேதி மாறவே இல்லை. பெரியவர்கள் மாமாவின் சிரித்த முகத்தைப் பார்த்தார்கள். பையன் அலமாரியைப் பார்த்தான்.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஏல் பல்கலைக்கழகத்தின் அன்டன் கோல்விட்ஸரும் குழுவும் 2019-இல் வெளியிட்டது. ஒரு தனி மனிதரின் முகத்தைப் படிப்பதை விட்டுவிட்டு, கூட்டமாக இருக்கும்போது மனிதர்கள் பொதுவாக எப்படி நடந்துகொள்வார்கள் என்று கேட்டார்கள். உதாரணமாக, குழுவாகச் செய்யும் வேலையில் ஒவ்வொருவரும் தனியாகச் செய்வதைவிடக் குறைவாக உழைப்பார்களா? ஆட்டிசத் தன்மைகள் அதிகம் இருந்தவர்கள் இத்தகைய கேள்விகளில் சற்று மேலாகவே செய்தார்கள். ஆட்டிச நோயறிதல் பெற்றவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். இருந்தாலும், அலுவலகத்தில் எதிரே இருப்பவரின் கோபம் தெரியாத ஒருவருக்கு "இந்த டீம் மூணு மாசத்துல உடையும்" என்பது எப்படித் தெரிகிறது என்ற புதிருக்கு இது ஒரு திறவுகோல். வெளியே நின்று விதிகளைக் கற்றவருக்கு விதிகள் தெரிகின்றன.

சுருக்கமாக: ஆஸ்பெர்கரில் உள்ளுணர்வு இல்லாமல் போவதில்லை. முகத்தைப் படிக்கும் தானியங்கி ஓட்டம் குறைந்திருக்கலாம். விவரங்களையும் ஒழுங்குகளையும் படிக்கும் ஓட்டம் கூடியிருக்கலாம். ஆளுக்கு ஆள் இது மாறும்.

மூளை எப்போதும் கணித்துக்கொண்டே இருக்கிறது

அடுத்த நொடி என்ன நடக்கும் என்று மூளை ஓயாமல் கணிக்கிறது, கணித்தது ஒன்று வந்தது வேறு என்றால் அந்த வித்தியாசத்தை வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பது இன்றைய நரம்பியலின் செல்வாக்குள்ள பார்வை. அந்த வித்தியாசத்துக்குக் கணிப்புப் பிழை என்று பெயர். மெக்கானிக்கின் காதில் அந்தச் சத்தம் உறுத்தியதும் தீயணைப்பு அதிகாரியின் உடம்பு கூசியதும் கணிப்புப் பிழைகள்தான்.

ஆட்டிசத்தில் இந்த இயந்திரத்தின் அளவீடு வேறாக இருக்கிறது என்று 2012-இல் லிஸ் பெலிகானோவும் டேவிட் பர்ரும் எழுதினார்கள். பழைய அனுபவம் தரும் எதிர்பார்ப்புக்கு எடை குறைவு, கண்முன் வருவதற்கு எடை அதிகம் என்பது அவர்கள் கருத்து. எம்ஐடியைச் சேர்ந்த பவன் சின்ஹாவும் குழுவும் 2014-இல் ஆட்டிசத்தையே கணிப்பில் உள்ள சிரமமாகப் பார்க்கலாம் என்றார்கள். 2017-இல் ரெபேக்கா லாசன் குழு ஒரு சோதனை செய்தது. உயர்ந்த அல்லது தாழ்ந்த ஒலிக்குப் பிறகு முகமோ வீடோ திரையில் வரும். எந்த ஒலிக்கு எது என்ற விதி நடுநடுவே மாறும். எதிர்பாராதது வந்தபோது மற்றவர்கள் தடுமாறிய அளவுக்கு ஆட்டிசம் உள்ளவர்கள் தடுமாறவில்லை. உலகம் எந்நேரமும் மாறக்கூடியது என்று அவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இவை இன்னும் விவாதத்தில் உள்ள கோட்பாடுகள். ஆனால் ஒன்று கவனியுங்கள். அமானுஷ்யப் பேச்சு ஆட்டிசம் உள்ளவர்களை எதிர்காலம் தெரிந்தவர்கள் என்கிறது. ஆய்வுகளோ அடுத்த கணம் என்ன வரும் என்ற நிச்சயம் அவர்களுக்குக் குறைவு என்கின்றன. நேர அட்டவணை மாறினால் ஒரு குழந்தை ஏன் உடைந்து அழுகிறது என்பதை இரண்டாவதுதான் விளக்குகிறது.

‘ஏதோ நடக்கப்போகிறது’ என்ற உணர்வு எங்கிருந்து?

என் பார்வையில் இந்த விஷயத்தின் மையம் இதுதான். இதயத் துடிப்பு, மூச்சு, வயிற்றின் பிசைவு போன்றவற்றை உள்ளிருந்து உணர்வதை உள்ளுடல் உணர்வு என்பார்கள். சாரா கார்ஃபிங்கலும் குழுவும் 2016-இல் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் தங்கள் இதயத் துடிப்பை எண்ணச் சொன்னார்கள். மற்றவர்களைவிடத் துல்லியம் குறைவாக இருந்தது. ஆனால் "உங்கள் உடம்பை நீங்கள் எவ்வளவு நன்றாக உணர்கிறீர்கள்" என்ற கேள்விக்கு அவர்கள் தந்த மதிப்பெண் மற்றவர்களைவிட அதிகம். இந்த இடைவெளி எவ்வளவு பெரிதோ அவ்வளவு பதற்றமும் அதிகமாக இருந்தது.

இதோடு இன்னொன்றையும் சேருங்கள். தனக்குள் எழும் உணர்ச்சி எது என்று இனம்கண்டு பெயர் சொல்ல முடியாத நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கிறது. பொதுமக்களில் இருபதில் ஒருவருக்கு என்ற அளவில்தான். வயிறு பிசைகிறது, நெஞ்சு படபடக்கிறது, ஆனால் அது நேற்றைய சண்டையின் கோபமா, பசியா, டியூப்லைட் இரைச்சலால் வந்த சோர்வா, நாளைய கூட்டத்தைப் பற்றிய பயமா என்று தெரியவில்லை. காரணம் இல்லாத எச்சரிக்கை மணி. அதற்கு மனம் ஒரு காரணம் தேடும். ‘ஏதோ கெட்டது நடக்கப்போகிறது’ என்பது எளிதில் கிடைக்கும் காரணம். பதற்றக் கோளாறு ஆட்டிசத்தில் மிகச் சாதாரணம். மணி அடிக்கடி அடிக்கும், அடிக்கடி அடித்தால் ஏதாவது ஒருமுறை நிஜமான சம்பவத்துக்கு முன்னாலும் அடித்திருக்கும்.

நம்பிக்கையின் அளவும் ஏமாற்றும். கிராண்டின் இருக்கும் அதே பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆன் கிளியரி, ‘இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறோமே’ என்று தோன்றும் தேஜாவூவை ஆய்வு செய்கிறார். அவரும் அலெக்சாண்டர் கிளாக்ஸ்டனும் 2018-இல் வெளியிட்ட சோதனையில், கணினியில் அமைத்த இடங்களின் வழியே ஒருவரைக் கூட்டிச் செல்வதுபோல் காட்டினார்கள். சில இடங்கள் முன்பு காட்டிய வேறு இடங்களின் அதே அமைப்பில் இருந்தன. கடைசித் திருப்பத்துக்கு முன் நிறுத்தி, இடமா வலமா என்று கேட்டார்கள். தேஜாவூ வந்தவர்கள் தங்களுக்கு அடுத்து வருவது தெரியும் என்று வலுவாக உணர்ந்தார்கள். சொன்ன விடைகள் குருட்டு ஊகத்தைவிட மேலாக இல்லை. தெரியும் என்ற உணர்வும் தெரிவதும் மூளையில் தனித்தனியாக ஓடக்கூடியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? இந்தச் சோதனை ஆட்டிசம் பற்றியது இல்லை. நம் எல்லோரையும் பற்றியது.

எண்ணாமல் விட்டவை

1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸில் அபெர்ஃபான் என்ற ஊரில் சுரங்கக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் குழந்தைகள். தங்களுக்கு முன்பே தெரிந்தது என்று பலர் சொன்னதைக் கேட்ட மனநல மருத்துவர் ஜான் பார்க்கர், ஒரு லண்டன் பத்திரிகை வழியாகக் கடிதங்கள் கேட்டார். 76 வந்தன. அவர் செய்த நல்ல காரியம், அதோடு நிற்காமல் அடுத்த ஆண்டு ஒரு பதிவு மையம் தொடங்கியது. இனி யாருக்கு என்ன தோன்றினாலும் நடப்பதற்கு முன்பே எழுதி அனுப்ப வேண்டும். எழுநூறுக்கும் மேல் வந்தன. ஏதோ ஒரு வகையில் பொருந்தியதாகக் குறிக்கப்பட்டவை இருபதுக்குள்தான். நடந்தபின் கேட்டால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நடக்கும் முன் எழுதச் சொன்னால் எண்ணிக்கை சரிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் இரவில் வரும் கனவு மறுநாள் தற்செயலாகப் பலிக்க பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் பேர் வாழும் நகரத்தில் தினமும் நூறு பேர் ‘கனவு பலித்தது’ என்று எழுவார்கள். பலிக்காத ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாய் திறப்பதில்லை. கருநாக்குப் பையன் சொல்லிப் பலிக்காதவற்றைப் பாட்டி எண்ணி வைத்திருக்கிறாரா என்ன?

டெலிபதி பற்றி ஒரு வார்த்தை

பேச்சு வராத ஆட்டிசக் குழந்தைகள் அம்மாவின் மனதைப் படிக்கிறார்கள் என்ற கூற்று 2024-இல் ஓர் அமெரிக்கப் பாட்காஸ்ட் மூலம் மிகவும் பரவியது. இது ஆஸ்பெர்கர் விஷயம் இல்லை என்றாலும் ஒரே பேச்சில் கலந்துவிடுவதால் சொல்கிறேன். இந்தக் குழந்தைகள் விடை சொல்வது இப்படி: குழந்தையின் கையையோ எழுத்துப் பலகையையோ ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டு எழுத்துகளைச் சுட்ட வைப்பார். கையைப் பிடித்துச் சுட்ட வைக்கும் முறையை 1990-களின் தொடக்கத்திலேயே சோதித்தார்கள். பெரியவருக்கு ஒரு படம், குழந்தைக்கு வேறு படம் காட்டினால், வந்த விடை பெரியவர் பார்த்த படமாகவே இருந்தது. தன் கை விடை சொல்வது பெரியவருக்கே தெரியாது. அதில் வஞ்சகம் இல்லை. ஆனால் அந்தக் குழந்தையின் உண்மையான குரல் அதில் தொலைந்துபோகிறது என்பதால் இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சரி, வீட்டில் என்ன செய்வது?

‘எனக்குத் தெரியும்’ என்று ஆஸ்பெர்கர் உள்ள ஒருவர் சொன்னால் சிரிக்கவும் வேண்டாம், சாமி ஆக்கவும் வேண்டாம். கிளைன் செய்ததைச் செய்யலாம்: "எதைப் பார்த்து அப்படித் தோணுச்சு?" என்று உடனே, பொறுமையாகக் கேளுங்கள். ‘தெரியல’ என்ற பதில் வந்தால், என்ன கண்ணில் பட்டது, என்ன கேட்டது, வழக்கத்தைவிட எது மாறியிருந்தது என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். பல நேரம் ஒரு அலமாரி கிடைக்கும்.

எதுவும் கிடைக்காமல் வெறும் பதற்றம் மட்டும் இருந்தால், சாப்பிட்டாயிற்றா, தூங்கினாரா, சுற்றிலும் சத்தம் அதிகமா என்று பாருங்கள். தோன்றுவதை நோட்டில் தேதி நேரத்தோடு, நடக்கும் முன்பே, தெளிவாக எழுதி வைக்கச் சொல்லலாம். ‘கெட்டது நடக்கும்’ என்று எழுதினால் செல்லாது. யாருக்கு, எப்போதுக்குள், என்ன என்று எழுத வேண்டும். பலிக்காதவையும் அதே நோட்டில் இருக்கும். கணக்கில் பிரியமுள்ள பலருக்கு இது பிடித்துப்போகும்.

குழந்தைகளிடம் இன்னொன்றில் எச்சரிக்கை தேவை. சொன்னது பலிக்கும் என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிச் சொல்லி வளர்த்தால், தாத்தா இறந்தபோது தான் நினைத்ததால்தான் இறந்தார் என்று அது நம்பக்கூடும். சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு இந்த ஆபத்து அதிகம். தாத்தாவுக்கு இதயத்தில் அடைப்பு இருந்தது, மருத்துவர் சொன்னது இது, நீ நினைத்ததற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று நேரடியான சொற்களில், உவமை ஏதும் இல்லாமல் சொல்லிவிடுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது.

யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது, தனக்கு விசேஷக் கட்டளைகள் வருகின்றன, தூக்கம் போய்விட்டது என்ற நிலை வந்தால் அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே. ஆட்டிசத்தோடு வேறு மனநோயும் சேர்ந்து வரலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஆட்டிசம் தெரிந்த மனநல மருத்துவரிடம், அந்த நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.